புது ஐபேட் வருவதற்கு முன் பழையதை விற்றது: கோத்தகிரியிலிருந்து இரண்டு அனுபவங்கள்

கோத்தகிரியில் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு பாதி வகுப்புகள் ஆன்லைனில்தான். அதற்காக 2021 டிசம்பரில் கோவைக்குப் போய் ஒன்பதாம் தலைமுறை ஐபேட் ஒன்று வாங்கினேன். 64 ஜிபி, வைஃபை மட்டும், 30,900 ரூபாய். கூடவே திரையில் எழுத முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில். இரண்டரை வருடம் அதுதான் எனக்குக் கரும்பலகை.

அதை விற்றபோது எனக்கு நஷ்டம். அடுத்த வருடம் தம்பியின் ஐபேடை விற்றுக் கொடுத்தபோது அந்த நஷ்டம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. மலையில் இருப்பவர்களுக்கு இந்த வியாபாரத்தில் சில தனிச் சங்கடங்கள் உண்டு. வாங்குபவர்கள் பெரும்பாலும் கீழே இருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். மழை, மண்சரிவு, சீசன் நெரிசல் என்று ஏதாவது ஒன்று தேதியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். புது மாடல் அறிவிப்பு வரும் தேதியோ தள்ளிப் போகாது.

முதல் விற்பனை 2024-ல். மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்தது, ஏப்ரலில் எனக்கு வகுப்பு குறைவு. 64 ஜிபி நிரம்பிவிட்டது, புதியது வாங்கலாம் என்று விளம்பரம் போட்டேன். கோவையிலிருந்து ஒருவர் பேசினார். பென்சிலோடு சேர்த்து 18,000 ரூபாய் என்று முடிவானது. "மே முதல் வாரம் போகட்டும் மேடம், ஊட்டிக்கு வர்றோம், வர்ற வழியில வாங்கிக்கறேன்" என்றார். சரி என்றேன். அட்வான்ஸ் கேட்கவில்லை. கேட்டு வந்த இன்னும் இரண்டு பேரிடம் விற்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஆப்பிள் நிறுவனம் மே 7-ஆம் தேதி நிகழ்ச்சிக்கு ஏப்ரல் 23-ஆம் தேதியே அழைப்பு அனுப்பிவிட்டது. எனக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதே மே 7-ஆம் தேதிதான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும் என்ற முறை தொடங்கியது. ஊரில் எல்லோரும் இ-பாஸ் பற்றியே பேசிக்கொண்டிருந்த அன்று மாலை, ஐபேட் சந்தையே மாறிவிட்டது.

மாறியது எப்படி என்பதுதான் முக்கியம். அன்று சாதாரண ஐபேடில் புது மாடல் எதுவும் வரவில்லை. ஐபேடின் விலை கூடிய வகைகளான ஏர், ப்ரோ இரண்டில்தான் புதியவை வந்தன. ஆனால் ஒன்பதாம் தலைமுறையை நிறுத்திவிட்டார்கள். 2022 அக்டோபரில் 44,900 ரூபாய்க்கு வந்த பத்தாம் தலைமுறையை 34,900-க்கு இறக்கிவிட்டார்கள். நான் 30,900 கொடுத்து வாங்கியதற்கு மேல் 4,000 போட்டால், பெரிய திரையும் டைப்-சி போர்ட்டும் உள்ள புத்தம் புதியதே கிடைக்கும் என்றாகிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கூப்பிட்டார். "புதுசே 34,900-க்கு வந்துடுச்சு மேடம். இனிமே 18 குடுக்கறது நியாயமில்ல. 13 தர்றேன். இ-பாஸ் வேற எடுக்கணும், நீங்களே மேட்டுப்பாளையம் வந்து குடுத்துடுங்க." முடியாது என்று வைத்துவிட்டேன். முன்பு கேட்ட இரண்டு பேரில் ஒருவர் வேறு வாங்கிவிட்டார். மற்றவரும் அதே 34,900 கதையைச் சொன்னார். கோவையில் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு 11,000 என்றார்கள். கடைசியில் ஜூன் மாதம் குன்னூரில் ஒரு பள்ளி ஆசிரியை 14,500-க்கு வாங்கிக்கொண்டார். 3,500 ரூபாய் கை நழுவியது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த விலைக்குறைப்பு வாங்குபவளாக எனக்கு நன்மைதான் செய்தது. நானும் பத்தாம் தலைமுறையை 34,900-க்கு வாங்கினேன். அதனால் விற்ற விலையை மட்டும் வைத்து மனம் வெதும்புவது சரியில்லை. பழையதை விற்ற பணத்துக்கு மேல் கையிலிருந்து எவ்வளவு போட்டோம் என்பதுதான் கணக்கு. ஏப்ரல் கடைசியில் விற்று, மே நடுவில் வாங்கியிருந்தால் இரண்டு பக்கமும் எனக்குச் சாதகமாக இருந்திருக்கும். நடுவே இரண்டு மூன்று வாரம் ஐபேட் இல்லாமல் இருந்திருப்பேன். பள்ளி விடுமுறையில் அது ஒரு கஷ்டமே இல்லை.

புது மாடல் வந்தாலே பழையதன் விலை சரியும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. 2022 அக்டோபரில் பத்தாம் தலைமுறை வந்தபோது அதன் விலை உச்சத்தில் இருந்தது. ஒன்பதாவதையும் கூடவே விற்றுக்கொண்டிருந்தார்கள். அதனால் பழைய ஒன்பதாவதை வைத்திருந்தவர்களுக்குப் பெரிய அடி விழவில்லை. நாம் வைத்திருக்கும் மாடலையோ அதற்கு அடுத்ததையோ கடையில் புத்தம் புதிதாக விலை குறைத்து விற்கும்போதும், அதே விலைக்குக் கூடுதல் வசதியோடு புதியது வரும்போதும்தான் அடி விழுகிறது. இதில் எது நடக்கும் என்று நம்மைப் போன்றவர்கள் முன்கூட்டி அறிய வழியில்லை. 2023-ல் ஒரு புது ஐபேட் கூட வரவில்லை. காத்திருந்தவர்கள் வருடம் முழுவதும் காத்திருந்தார்கள். சாம்சங்கில் எஸ்9 டேப் 2023 ஜூலையில் வந்தது, எஸ்10 2024 செப்டம்பர் கடைசிக்குப் போனது. அதனால் தேதியைத் துல்லியமாகக் கணிக்க முயல்வதை விட்டுவிட்டேன். பேச்சு அடிபடத் தொடங்கினால் ஆறு வாரம் முன்பே விற்பனையை முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். கீழே இருப்பவர்களுக்கு இரண்டு வாரம் போதும். நமக்கு ஆறு வேண்டும்.

தம்பி குன்னூரில் கல்யாணப் போட்டோகிராபர். ஆல்பம் மாதிரிகளை வாடிக்கையாளர்களுக்குக் காட்ட, பத்தாம் தலைமுறை வந்த புதிதில் 44,900 கொடுத்து வாங்கியவன். 2025 பொங்கலுக்கு வந்திருந்தபோது, "புதுசு வரப்போகுதுன்னு சொல்றாங்கக்கா, வந்ததும் இதை வித்துட்டு ஏர் வாங்கிடறேன்" என்றான். "வந்ததும் வித்தா யாருடா இந்த விலைக்கு வாங்குவாங்க? இப்பவே வித்துடு" என்றேன். தை மாத முகூர்த்தங்கள் வரிசையாக இருந்தன, அவனுக்கு அது கையில் வேண்டும். கடைசியில் தை முடிந்ததும் என் கையில் கொடுப்பது, அதுவரை விளம்பரம் மட்டும் போட்டு வைப்பது, அப்புறம் புதியது வரும்வரை லேப்டாப்பில் சமாளிப்பது என்று பேசி முடித்தோம். என் ஆறு வாரக் கணக்கில் பாதிதான் மிஞ்சியது.

விளம்பரத்துக்குப் படம் எடுக்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். மடக்குக் கவரைக் கழற்றியதும் ஈர வாடை அடித்தது. மடியும் இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். மலையில் லெதர் கவருக்கு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கவரைத் தூக்கிப் போட்டோம். 'கவர் இல்லை' என்று எழுதுவது, பூஞ்சணம் பிடித்த கவரைக் கொடுப்பதைவிட மேல். சார்ஜர் வயர் முழுதாக உள்ளே இறங்காமல் ஒரு நூலளவு வெளியே நின்றது. போர்ட் கெட்டுப்போய்விட்டது என்று தம்பி ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தான். ஐபேடை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. மரத்தாலான பல்குச்சியால், நடுவே இருக்கும் நாக்கில் படாமல், ஓரமாக மெதுவாக இழுத்தேன். கம்பளி நூல்! ஸ்வெட்டரிலிருந்தும் சால்வையிலிருந்தும் உதிரும் நுண்ணிய பிசிறு இரண்டு வருடமாக அமுங்கி, பஞ்சுத் திரி போலத் திரண்டிருந்தது. மூன்று முறை இழுத்ததும் வயர் டக்கென்று உள்ளே அமர்ந்தது. குண்டூசி, ஊக்கு எதையும் உள்ளே விட்டுவிடாதீர்கள். இதைச் செய்யாமல் விற்கப் போயிருந்தால் 'போர்ட் லூஸ்' என்று சொல்லி 2,000 குறைத்திருப்பார்கள்.

ஒரு மூலையில் சின்ன நசுங்கல் இருந்தது, கல்யாண மண்டபத்தில் விழுந்தது. அதை மறைக்காமல், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தேன். எவ்வளவு சிறியது என்று பார்த்ததும் தெரியும், நேரில் வந்து பேரம் பேச அது ஒரு ஆயுதமாக இருக்காது. திரையை முழு வெள்ளையில் ஒன்றும் முழு கறுப்பில் ஒன்றும் எடுத்தேன். அபவுட் பக்கத்தில் மாடல் எண் ஏ2696 தெரியும்படியும், சீரியல் நம்பரை மட்டும் மறைத்தும் போட்டேன். பேட்டரிதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்த மாடலில் செட்டிங்ஸில் பேட்டரி நிலை காட்டாது. ஊரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு பையன் கம்ப்யூட்டரில் இணைத்து, எத்தனை முறை சார்ஜ் சுழற்சி ஆகியிருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தான். 310 சொச்சம் வந்தது. ஆயிரம் முழுச் சுழற்சி ஆன பிறகும் 80 சதவீதம் தாங்கும்படி ஐபேட் பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. அந்த எண்ணையும் விளம்பரத்தில் எழுதியதும், வெட்டிக் கேள்விகள் பாதி குறைந்தன.

முதல் நாளே ஒரு அழைப்பு. ராணுவத்தில் இருப்பதாகவும் வெலிங்டன் முகாமில் இருப்பதாகவும் சொன்னார், விலையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "ஆள் அனுப்புகிறேன், பணம் இப்போதே போடுகிறேன், க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். நாடு முழுக்க ராணுவ வீரர் பெயரில் இந்த ஏமாற்று நடக்கிறது. ஆனால் வெலிங்டனில் உண்மையிலேயே மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும் முப்படை அதிகாரிகளுக்கான கல்லூரியும் இருப்பதால், நம் மாவட்டத்தில் இந்தப் பொய் எளிதாக நம்பப்படுகிறது. "குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, நேர்ல தர்றேன்" என்றேன். தொடர்பு அறுந்தது. பணம் வாங்குவதற்கு யுபிஐயில் ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அனுப்பிவிட்டேன் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பக்கூடாது, நம் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பொருளைக் கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் வீட்டு முகவரி போட்டதில்லை.

பிப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். அவர் சிறு தேயிலை விவசாயி. மகள் நர்சிங் முதல் வருடம், பாடப் புத்தகங்களை பிடிஎஃப்பில் வைத்துப் படிக்க வேண்டுமாம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் சந்தித்தோம், தம்பியும் கூட இருந்தான். நான் கேட்டது 24,000.

அந்தப் பெண் நசுங்கலைத் தடவிப் பார்த்தாள், கேமராவைத் திறந்தாள், ஒலியைக் கூட்டிப் பார்த்தாள். அவர் எதையும் தொடவில்லை. "டீச்சர், இதை வாங்கலாமா? நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அந்தக் கோவைக்காரர் நினைவுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதால்தான் நான் 3,500 இழந்தேன். இப்போது எனக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாது. சொல்லாமல் விற்றுவிட்டால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

"அண்ணா, ஒரு விஷயம் சொல்லிடறேன். அடுத்த மாசம், இல்ல அதுக்கடுத்த மாசம் இதுல புதுசு வரும்னு பேச்சு இருக்கு. வந்தா இதோட விலை குறையும். அவசரம் இல்லைன்னா பாத்துட்டு வாங்குங்க" என்றேன். தம்பி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

அவர் மகளைப் பார்த்தார். அவள், "மார்ச்ல இன்டர்னல் இருக்குப்பா" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "புதுசு என்ன விலைக்கு வரும் டீச்சர்?" என்றார். முப்பதுக்குக் கீழே வராது என்று நினைக்கிறேன் என்றேன். "அப்ப நமக்கு அது ஆகாது. இதையே குடுங்க, விலையை மட்டும் பாத்துச் செய்யுங்க." 22,000-க்கு முடித்தோம். "இப்போ பனிக்காலம், இலை கம்மி, ஃபேக்டரில பணம் அடுத்த மாசம்தான் ஏறும்" என்று 20,000 இப்போதும் மீதி 2,000 மார்ச்சிலும் தருவதாகச் சொன்னார். பழைய பொருள் விற்பனையில் கடன் வைக்கக்கூடாது என்பதே என் பொதுவான எண்ணம். ஆனால் இங்கே ஆள் யாரென்று தெரியும், ஊர் தெரியும். ஒரு தாளில் மாடல், சீரியல் நம்பர், தேதி, கொடுத்தது, மீதி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பழைய ஜிஎஸ்டி பில்லையும் பெட்டியையும் கொடுத்தேன். திருட்டுப் பொருள் இல்லை என்பதற்கு வாங்குபவர் கையில் அந்தத் தாள்தான் ஆதாரம்.

அழிக்கும் வேலையை அவர்கள் எல்லாம் சோதித்து முடித்த பிறகே செய்ய வேண்டும். முன்கூட்டியே அழித்து வைத்தால் அவர்களால் எதையும் சோதிக்க முடியாது. ஆனால் பேக்கப் முன்பே எடுத்திருக்க வேண்டும். ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். ஆனால் செட்டிங்ஸில் ஜெனரலுக்குள் கடைசியில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் பக்கத்தில், புதிய ஐபேடுக்குத் தயாராகு என்று ஒரு வழி உண்டு. அதில் போனால் பேக்கப்புக்குத் தற்காலிகமாக இடம் தருவார்கள், 21 நாள் வைத்திருப்பார்கள். புதியது வாங்க அதற்கு மேல் ஆகும் என்று தோன்றியதால், நாங்கள் வயர் போட்டு லேப்டாப்பிலேயே பேக்கப் எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊர் இணைய வேகத்துக்கும் அதுதான் பொருத்தம்.

தம்பி அதே பக்கத்தில் 'இரேஸ் ஆல் கன்டென்ட்' கொடுத்தான். ஆப்பிள் ஐடி பாஸ்வேர்ட் கேட்டது. அதைப் போட்டதும், ஐபேடைப் பழைய உரிமையாளரின் ஐடியோடு பூட்டி வைக்கும் ஃபைண்ட் மை அணைந்தது. சில நிமிடத்தில் பல மொழியில் வணக்கம் சொல்லும் திரை வந்தது. அத்தோடு விட்டுவிடாமல், அந்தப் பெண்ணின் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பழைய உரிமையாளர் ஐடி கேட்கிறதா என்று பார்த்தோம். கேட்கவில்லை. கேட்டால் அந்த ஐபேட் வாங்கியவருக்கு உதவாத கண்ணாடித் துண்டுதான். ஆண்ட்ராய்டு டேப்பாக இருந்தால் கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு அப்புறம் ரீசெட் செய்ய வேண்டும், இல்லையென்றால் அதிலும் இதே பூட்டு விழும்.

மார்ச் 4-ஆம் தேதி, பத்தாம் தலைமுறைக்கு அடுத்ததான ஏ16 ஐபேட் அறிவிப்பு வந்தது. விலை அதே 34,900, ஆனால் தொடக்கமே 128 ஜிபி. பழைய 64 ஜிபி வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல அடி. ஏப்ரலில் தம்பியின் நண்பன் ஒருவன் இதே மாடலை 18,000-க்குப் போட்டு வைத்தும் ஒரு மாதம் நகரவில்லை. அன்றே ஏர் எம்3-யும் வந்தது. தம்பி அதைத்தான் வாங்கினான். டீக்கடையில் காலை மிதித்ததைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் இரண்டாவது வாரம் அந்த அப்பா மகளோடு வீட்டுக்கே வந்தார். "நீங்க சொன்ன மாதிரியே புதுசு வந்துடுச்சாமே டீச்சர், பாப்பா காட்டுச்சு" என்றார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்கு ஒரு நிமிடம் படபடத்தது. அவர் பையிலிருந்து ஐபேடை எடுத்து நீட்டினார். "அது இருக்கட்டும். ரெண்டு நாளா இதுல சார்ஜ் சரியா ஏறலைன்னு சொல்றா, கொஞ்சம் பாருங்க."

அந்தப் பெண் போர்த்தியிருந்த சிவப்புக் கம்பளிச் சால்வையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஐபேடை அணைத்து, டார்ச்சையும் பல்குச்சியையும் எடுத்து வந்தேன். சிவப்புப் பிசிறு ஒரு துளி வந்தது. எப்படி எடுப்பது என்று அவளையே ஒரு முறை செய்யச் சொன்னேன். வயரைச் செருகியதும் சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து எண்ணி, அந்தக் கையெழுத்துத் தாளையும் கூடவே மேஜையில் வைத்தார். மீதி என்று எழுதியிருந்த வரியை அடித்துக் கொடுத்தேன்.